பழைய வக்கீலைச் சாட்சிக்கு இழுக்க முடியுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. அப்பா காலமான பிறகு நான்தான் பார்த்து வருகிறேன். அண்ணன் பாகம் கேட்டு கிருஷ்ணகிரி கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். முதலில் பார்த்த வக்கீலிடம் மாமாவையும் கூட்டிப் போய், போர்வெல்லுக்கு அண்ணன் பணம் கொடுத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். தோப்பை அப்பா எனக்கே கொடுத்ததாகப் பழைய தேதி போட்டு ஒரு பத்திரம் தயார் செய்யலாமா என்றும் கேட்டேன், திட்டிவிட்டார். பிறகு அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட, அது அண்ணன் கைக்குப் போய்விட்டது. இப்போது வேறு வக்கீல் வைத்திருக்கிறேன். பழைய வக்கீலின் ஜூனியர் அண்ணனுடைய வக்கீலிடம் சேர்ந்திருக்கிறார். "உன் பழைய வக்கீலையே கூண்டில் ஏற்றுகிறேன்" என்கிறார் அண்ணன். முடியுமா?

பதில்: கூண்டில் ஏற்றினாலும், நீங்கள் அவரிடம் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியிடக் கூடாது. 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 132-வது பிரிவு இதைச் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 126-வது பிரிவாக இருந்தது. வக்கீலை மாற்றிவிட்டதால் அவர் வாய்க்கட்டு அவிழ்ந்துவிடாது. கேஸ் முடிந்த பிறகும் அது தொடரும். குமாஸ்தா, ஆபீஸ் ஊழியர்கள், மொழிபெயர்த்துச் சொன்னவர் எல்லோருக்கும் இதே தடைதான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ மட்டும் பேசும் கட்சிக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் மாமா விஷயம் வேறு. அவர் வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. அங்கே காதில் விழுந்ததைச் சொல்லும்படி அவரைச் சாட்சியாகக் கூப்பிட்டால் 132 குறுக்கே நிற்காது. துணைக்கு ஆள் கூட்டிப் போவது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் உள்ளே பேசும்போது அவரை வெளியே டீ குடிக்கச் சொல்லலாம்.

வாய்ஸ் மெசேஜிலும் இதே சிக்கல்தான். வக்கீல் உங்களுக்கு மட்டும் அனுப்பியதை நீங்களே பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டீர்கள். அண்ணன் அதைத் தாக்கல் செய்தால் உங்கள் வக்கீல் ஆட்சேபிக்கலாம். மின்னணுப் பதிவை எப்படி எடுத்தது என்று சொல்லும், அதே சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் எங்கே என்றும் கேட்கலாம். ஆனால் ரகசியம் என்ற வாதத்துக்கு இனி பெரிய பலம் இல்லை. இப்போது போய் அழிக்க வேண்டாம். அண்ணன் போனில் அது இருக்கத்தான் போகிறது. நீங்கள் அழித்தது மட்டும் உங்களுக்கு எதிராகப் பேசும்.

நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது உங்கள் சொந்த சாட்சியம். வக்கீலிடம் ரகசியமாகப் பேசியதைச் சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 134-வது பிரிவு. ஆனால் நீங்களே சாட்சியாக ஏறினால், நீங்கள் கூறிய சாட்சியத்தை விளக்கத் தேவையான அளவுக்கு அந்தப் பேச்சையும் வெளியே கொண்டுவரக் கோர்ட் உத்தரவிடலாம். பாகப்பிரிவினை வழக்கில் நீங்கள் பெரும்பாலும் ஏறித்தான் ஆக வேண்டும். அதனால் உங்கள் சாட்சியமாக எழுதித் தாக்கல் செய்யும் நிரூபண வாக்குமூலத்தில் (proof affidavit) "வக்கீல் சொன்னபடிதான் செய்தேன்" என்ற மாதிரி ஒரு வரிகூட வரக் கூடாது. குறுக்கு விசாரணை செய்பவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, "வேறென்ன சொன்னார்?" என்று ஆரம்பிப்பார்.

போர்வெல் கணக்கு நோட்டு, ரசீது போன்றவற்றை வக்கீலிடம் கொடுத்து வைத்தால் அவை ரகசியமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் ஆவணம் யார் பீரோவில் இருந்தாலும் ஆவணம்தான். 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், கட்சிக்காரர் விவரம் கேட்டு விசாரணை அதிகாரிகள் வக்கீல்களுக்குச் சம்மன் அனுப்பக் கட்டுப்பாடு விதித்தது. அதே தீர்ப்பிலும் வக்கீல் கையில் உள்ள கட்சிக்காரரின் ஆவணங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றே சொன்னது. ஒன்று சொல்லட்டுமா? தோப்பு அப்பாவின் சுய சம்பாத்தியமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், போர்வெல் பணம் கொடுக்காவிட்டாலும் அண்ணனுக்குப் பங்கு உண்டு. அம்மா, சகோதரிகள் இருந்தால் அவர்களுக்கும் உண்டு. இவ்வளவு மூடி மறைக்கிற அளவுக்கு போர்வெல் பணம் பெரிய ரகசியம் இல்லை.

ஜூனியரும் வக்கீல்தான், அவரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று பார் கவுன்சில் விதியும் இருக்கிறது. உங்கள் கேஸில் அவர் வேலை பார்த்திருந்தால், முதலில் இப்போதைய வக்கீல் மூலம் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு கடிதம் போகட்டும். பெரும்பாலும் அதிலேயே ஒதுங்கிக்கொள்வார்கள். ஒதுங்காவிட்டால் வக்கீல்கள் சட்டம் 35-வது பிரிவின்படி தமிழ்நாடு பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

கடைசியாக அந்தப் பழைய தேதிப் பத்திரம். "நான் போலிப் பத்திரம் செய்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்று சொன்னால் பாதுகாப்பு உண்டு. "போலிப் பத்திரத்தை வைத்து சொத்தை வாங்கிக் கொடுங்கள்" என்றால் கிடையாது. சட்டமே இந்த இரண்டையும் உதாரணமாகத் தருகிறது. நீங்கள் கேட்டது இரண்டாவதற்குப் பக்கத்தில் நிற்கிறது. நல்லவேளை, அவர் மறுத்தார், நீங்களும் எழுதவில்லை. ஆனால் மாமாவும் அதைக் கேட்டிருக்கிறார். ஆகவே இப்படிக் கேட்டதையும் எதுவும் எழுதவில்லை என்பதையும் இப்போதைய வக்கீலிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு மாமாவுக்குச் சம்மன் அனுப்பும் முன்பே உங்கள் வக்கீலுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.