இந்துப்புக்கு மாறிட்டா பிபி மாத்திரை வேண்டாமா?

கேள்வி: வயசு 46, திருப்பூர்ல பனியன் கம்பெனி சூப்பர்வைசர். அப்பா 52ல மாரடைப்புல போயிட்டார். எனக்கு பிபி 150/96. மூணு மாசமா இந்துப்பு, செக்கு எண்ணெய், காலைல வாக்கிங். மாத்திரை ஆரம்பிச்சா விடவே முடியாதாமே, இப்படியே சமாளிக்கலாமா சார்?

பதில்: வாக்கிங் நல்லது, விடாதீங்க. ஆனா இந்துப்பும் உப்புதாங்க, ரோஸ் கலர்ல இருந்தாலும் அதுல பெரும்பாலும் அதே சோடியம்தான். செக்கு எண்ணெயும் எண்ணெய்தான். நம்ம ஆளுங்க எல்லாத்தையும் மாத்துவாங்க, அளவை மட்டும் குறைக்க மாட்டாங்க. ஒரு வேலை பண்ணுங்க, புது உப்பு பாக்கெட்டை பிரிக்கிற தேதிய பேனாவால அதுமேலயே எழுதி வைங்க. ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அப்போ நாலு பேர் வீட்ல ஒரு கிலோ 50 நாளாவது வரணும், 25 நாள்ல காலியாச்சுன்னா புரிஞ்சுக்கோங்க, ஊறுகாய், அப்பளம், கருவாடு, பேக்கரி ஐட்டம் எல்லாம் இந்தக் கணக்குலயே இல்ல.

இதைக் கேட்டதும் சிலர் லோ சோடியம் உப்பு வாங்க ஓடுவாங்க. அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் இருக்கும், பலருக்கு நல்லதுதான், ஆனா கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க தொடவே கூடாது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும். சுகர் இருந்தா முதல்ல கிரியாட்டினின் பாருங்க, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட் அது. சில பிபி மாத்திரையும் பொட்டாசியத்த ஏத்தும், அதனால எந்த மாத்திரை ஓடுதுன்னு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்குங்க. வீட்ல வயசான அம்மா இருந்தா அவங்களுக்கும் சேர்த்துக் கேளுங்க, ஏன்னா குழம்பு எல்லாருக்கும் ஒரே சட்டிலதான் கொதிக்குது.

கல்யாண மண்டபத்துல கேம்ப் போட்டு, கையில ஒரு கம்பியப் பிடிக்கச் சொல்லி, கம்ப்யூட்டர்ல கலர் கலரா படம் காட்டி, ட்ரிப்ஸ் ஏத்தி இதய அடைப்பைக் கரைக்கிறோம்னு பேக்கேஜ் விக்கிறவன் பக்கமே போகாதீங்க. அப்படிப் பணம் கட்டிட்டு, மாத்திரையையும் நிறுத்திட்டு, கடைசில நெஞ்சு வலியோட வர்றவங்கள பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு. இந்த கேம்ப்காரங்க பொழப்பு ஓடுறதுக்கு டாக்டருங்க எங்க மேலயும் தப்பு இருக்கு, ஓபில ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெருசு, அதுல உப்பு எவ்வளவு போடுறீங்கன்னு யார் கேக்குறது?

மாத்திரை விஷயத்துக்கு வர்றேன். மேல்கைல கட்டுற டிஜிட்டல் பிபி மிஷின்ல ஒரு வாரம் காலை, சாயங்காலம் பாருங்க, டீ குடிச்ச உடனே வேண்டாம், அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, காலைத் தரையில ஊனி. சராசரி 135/85க்கு மேலயே நின்னுச்சுன்னா மாத்திரை ஆரம்பிச்சுடுங்க, மூணு மாசம் பாத்தாச்சே, அதுவும் அப்பா கதை அப்படி இருக்கும்போது. விட முடியாதுங்கிறது அடிமைத்தனம் இல்லைங்க, நிறுத்தினா பிபி பழையபடி ஏறும், அவ்வளவுதான். எடை, உப்பு எல்லாம் குறைஞ்சா டாக்டரே டோஸைக் குறைப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை ஃப்ரீ, 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டு வந்தும் தர்றாங்க.

ஒண்ணு நீங்க எழுதவே இல்ல, சிகரெட். ஷிஃப்டுக்கு நடுவுல டீயோட ஒண்ணுன்னு இருந்தா, உப்புக்கு முன்னாடி அதை நிறுத்துங்க.