ஈரலுக்குப் பரவிய கேன்சர்: வாசகர் கேள்விகள்

கே: அப்பாவுக்கு ஈரலில் மூணு கட்டி. ஆபரேஷன் செய்தால் குணமாகுங்களா? (காங்கேயம்)

எங்கே ஆரம்பித்தது என்றே எழுதவில்லையே! பெருங்குடலிலிருந்து வந்து, முழுதாக எடுக்க முடிந்தால், ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். கணையத்திலிருந்து வந்ததென்றால் பொதுவாக ஈரலில் கத்தி வைப்பதில்லை. பயாப்சி (கட்டியில் துளி சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டைப் பாருங்கள்.

கே: அம்மாவுக்குப் பாதி ஈரலுக்கு மேல் எடுக்கணுமாம். மிச்சம் போதுங்களா? (கோபி)

நல்ல ஈரல் கால்வாசி மிஞ்சினால் போதும். கீமோ நிறைய ஏறியிருந்தால் 30 சதம் வேண்டும். அது இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் வளர்ந்துவிடும். போதாதென்றால், எடுக்கப்போகிற பக்கத்து ரத்தக்குழாயை முன்னதாக அடைத்து, மறுபக்கத்தை நாலைந்து வாரம் வளரவிடுவோம்.

கே: அம்மாவுக்கு ஆறு கீமோ முடிஞ்சு புது ஸ்கேனில் கட்டியே காணோம். இனி ஆபரேஷன் எதுக்குங்க? பழைய ஸ்கேன் பதிஞ்ச சிடி தட்டு வெள்ளையடிக்கும்போது தொலைஞ்சிருச்சு. (தாராபுரம்)

காணோம் என்றால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஸ்கேனுக்குத் தெரியாமல் சுருங்கிய இடத்தில் பல நேரம் செல்கள் உயிரோடு கிடக்கும். கீமோ நின்றதும் அங்கேயே தலைதூக்கும். அதனால் கட்டி முதலில் இருந்த இடத்தையும் சேர்த்து எடுக்கவே பார்ப்போம். அது எந்த இடம் என்பதற்கு கீமோவுக்கு முந்தைய ஸ்கேன்தான் சாட்சி. எத்தனை தடவை எழுதிவிட்டேன்! மஞ்சப்பையில் மாத்திரைச் சீட்டு முதற்கொண்டு வரும், அந்த முதல் சிடி மட்டும் வராது. 'வலது பக்கம் 2 சென்டிமீட்டர்' என்ற காகித வரியை வைத்துக்கொண்டு வயிற்றுக்குள் எதைத் தேடுவது? தாத்தா காலத்துத் தோட்டப் பத்திரத்தைப் பீரோவில் பூட்டிக் காக்கிற ஊர் இது. அம்மாவின் சிடியையும் அதே பீரோவில் வையுங்கள். நீங்கள் இன்றைக்கே ஸ்கேன் சென்டருக்குப் போய்க் கேளுங்கள். கம்ப்யூட்டரில் இருந்தால் இரண்டு பிரதி வாங்குங்கள். மற்றவர்களுக்கு: முதல் கீமோ ஏறும் முன்பே ஈரல் சர்ஜனை ஒருமுறை பாருங்கள்.

கே: கீமோ முடிந்து பத்தே நாளில் ஆபரேஷன் வைக்கலாமா? (திருச்செங்கோடு)

கூடாது. நாலிலிருந்து ஆறு வாரம் போகட்டும். கீமோவோடு பெவாசிசுமாப் (கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளரவிடாத மருந்து) ஏறியிருந்தால் ஆறு வாரம்.

கே: சிகிச்சையோடு கூடவே கீழாநெல்லி கொடுக்கிறோம். (பொள்ளாச்சி)

நிறுத்துங்கள். கொடுத்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கே: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா? (பெருந்துறை)

குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. உங்கள் ஆபரேஷன் பட்டியலில் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். முன் அனுமதிக்கு பயாப்சி ரிப்போர்ட்டும் ஸ்கேனும் கேட்பார்கள். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.