பென்டிரைவில் இருக்கும் மயில் திரையில் வரவில்லையா?

அக்கா, பழைய எம்பிராய்டரி மெஷினில் 32 ஜிபி பென்டிரைவைச் செருகினால் காவடித் துணிக்கான மயில் டிசைன் தெரியவே இல்லை என்கிறீர்கள். மெஷின் கெட்டிருக்காது. பழைய மாடல்கள் பலவற்றுக்குப் பெரிய பென்டிரைவ் ஒத்துவராது. 2 ஜிபி ஒன்றைத் தேடிப்பிடித்து ஃபார்மட் செய்து, அந்த ஒரு டிசைனை மட்டும் போடுங்கள். டிசைன் கோப்பின் வகையும் மெஷினுக்குப் பொருந்த வேண்டும்: பிரதர் மெஷின் என்றால் பி.இ.எஸ். (.pes), ஜனோம் என்றால் ஜே.இ.எஃப். (.jef) கோப்பு.

அப்புறம் அளவு. துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் 100 மி.மீ. சதுரம் என்றால், 101 மி.மீ. மயிலைச் சில மெஷின்கள் காட்டவே காட்டாது. என்னை இரண்டு நாள் அலையவிட்டது அப்படி வளையத்தை மீறிய தோகை நுனிதான்!

இன்னொன்று: நம் டர்பன் நகரத்தில் கரண்ட் போனால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறினால் மெஷினுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விடும். பழைய மாடலுக்கு மாற்றுப் போர்டு குதிரைக்கொம்பு.