ஆரம்பகாலப் பறவை ஓவியர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

எலிசபெத் குவில்லிம். பறவை ஓவியம் என்றதும் பலரும் சொல்லும் பெயர் ஆடுபன். அவருடைய புகழ்பெற்ற அமெரிக்கப் பறவைகள் தொகுப்பு வெளிவரத் தொடங்கியது 1827இல். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே, நம் மெட்ராஸில் இந்தப் பெண்மணி பறவைகளை வரைந்து குவித்திருக்கிறார்.

பிறந்தது 1763இல், இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டில். கணவர் சர் ஹென்றிக்கு மெட்ராஸில் நீதிபதி பதவி கிடைக்க, 1801இல் தங்கை மேரியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் தெலுங்கு படித்தார். தாவரவியலில் அவருக்குத் துணை நின்றவர் பாதிரியார் ரோட்லர், தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்த அதே ரோட்லர்தான்.

எனக்குப் பிடித்த காரணம் அவர் வரைந்த விதம். ஆடுபன் பறவையைச் சுட்டு, கம்பி கோத்து நிற்கவைத்து வரைந்தவர். குவில்லிம் உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்தார். பறவை செத்த கொஞ்ச நேரத்திலேயே கண்ணின் நிறமும், அலகு, கால் தோலின் நிறமும் மங்கத் தொடங்கிவிடும். உடம்பின் நிலையும் போய்விடும். அவருடைய படங்களில் அந்த உயிர்ப்பு அப்படியே இருக்கிறது. இறகு வரிசையைக்கூட ஒப்பேற்றாமல் போட்டிருக்கிறார். பெரிய பறவைகளையும் அசல் அளவிலேயே வரையப் பார்த்திருக்கிறார்.

இந்தியப் பறவைகளை முதலில் வரைந்தவர் அவர்தான் என்று சொல்ல மாட்டேன். கல்கத்தாவில் தலைமை நீதிபதியாக இருந்த இம்பே, அவர் மனைவி ஆகியோருக்காக ஷேக் ஜைனுதீன் என்ற இந்திய ஓவியர் வரைந்தவை 1770களின் இறுதியிலிருந்தே உண்டு, அவையும் அற்புதமானவை. ஆனால் தென்னிந்தியப் பறவைகளை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த வேறொரு கை அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

1807 டிசம்பரில், 44 வயதில், மெட்ராஸிலேயே இறந்துபோனார். எதுவும் நூலாகவில்லை, பெயரும் மறைந்துபோனது. நூறாண்டுக்கு மேல் கழித்து, 1924இல், பறவைப் பித்துக்கொண்ட கண் மருத்துவர் கேசி வுட் லண்டனில் இந்த ஓவியக் கட்டைக் கண்டெடுத்தார். இப்போது அவை கனடாவில் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன: 121 பறவை ஓவியங்கள். கூடவே, தங்கை மேரி வரைந்ததாகக் கருதப்படும் மீன் ஓவியங்களும் உண்டு. சகோதரிகள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில்.

ஓவியங்களை மெக்கில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது, அவசியம் பாருங்கள். நல்ல நகல்களையாவது எழும்பூர் அருங்காட்சியகத்தில் மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. வரையப்பட்ட ஊரில் இருப்பவர்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?