முதல் வேட்டை நாளும் மொத்தத் தொகை கேட்கும் தரகரும்

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாகக் குதிரையேற்றம் பழகுகிறேன். உடன் பணிபுரியும் நண்பர், நவம்பரில் நடக்கும் பருவத் தொடக்க நரிவேட்டைக் கூடுகைக்கு அழைத்திருக்கிறார். குதிரை, உடை, கட்டணம், அறிமுகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை கொடுத்தால் போதும், சிவப்புக் கோட்டும் தருகிறேன் என்று தரகர் ஒருவர் சொல்கிறார். அங்கே பேசப்படும் சொற்கள் எனக்குப் புரிவதில்லை. ஏதாவது தவறாகச் சொல்லி அவமானப்பட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எதைக் கற்றுக்கொண்டு போக வேண்டும்?

பதில்: உங்கள் பயத்தில் பாதி தேவையற்றது. தவறான சொல்லைச் சொன்னதற்காக ஒருவரைக் களத்திலிருந்து திருப்பி அனுப்பியதை நான் பார்த்ததில்லை. தன் குதிரை வேட்டை நாயை உதைத்ததற்காகவும், கூட்டத்தை நடத்திச் செல்லும் ஃபீல்ட் மாஸ்டரை முந்திப் பாய்ந்ததற்காகவும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, நீங்கள் சொல்ல வேண்டிய சொற்களைவிட, காதில் விழுந்தவுடன் கீழ்ப்படிய வேண்டிய சொற்களையே முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

‘ஹோல்ட் ஹார்ட்’ என்று கேட்டால் அந்த இடத்திலேயே குதிரையை நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. ‘வேர் வயர்’ என்றால் முன்னால் கம்பி இருக்கிறது, ‘வேர் ஹோல்’ என்றால் குழி இருக்கிறது என்று பொருள். அதைக் கேட்டவர் தனக்குப் பின்னால் வருபவருக்கும் உரக்கச் சொல்லியாக வேண்டும். ‘கேட் ப்ளீஸ்’ என்பது வாயிற்கதவை மூடிவிட்டு வாருங்கள் என்ற செய்தி. கடைசி ஆள்வரை அது போய்ச் சேராவிட்டால் மாடுகள் சாலைக்கு வந்துவிடும். அடுத்த ஆண்டு அந்த விவசாயி தன் நிலத்தில் கால் வைக்க விடமாட்டார். கதவைத் திறக்க ஒருவர் இறங்கியிருந்தால், அவர் மீண்டும் ஏறி அமரும்வரை மற்றவர்கள் நகரக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ‘ஹவுண்ட்ஸ் ப்ளீஸ்’. நாய்கள் உங்களைக் கடந்து போகப் போகின்றன என்பது அதன் பொருள். உடனே வழியின் ஓரத்துக்கு ஒதுங்கி, குதிரையின் முகம் நாய்களை நோக்கியும் பின்புறம் வேலிப் பக்கமாகவும் இருக்கும்படி திருப்பி நிறுத்துங்கள். குதிரை தன் பின்னால் வருவதைத்தான் உதைக்கும். இந்த ஒரு பழக்கத்தைத் தவறாமல் கடைப்பிடித்தால், வேறு நான்கு தவறுகள் செய்தாலும் உங்களை மன்னிப்பார்கள்.

‘ஃபீல்ட்’ என்ற சொல் புதியவர்களை ஏமாற்றும். அங்கே அது வயலைக் குறிப்பதில்லை. பின்தொடரும் குதிரைவீரர் கூட்டம் முழுவதற்கும் அதுதான் பெயர். புதர்க்காட்டைக் குறிக்கும் சொல்லை எழுத்தில் ‘கவர்ட்’ என்று காண்பீர்கள், வாயில் அது ‘கவர்’ என்றே வரும். லெஸ்டர்ஷயர் எல்லையிலுள்ள பெல்வாயர் என்று எழுதப்படும் இடத்தையும் அங்குள்ள வேட்டைச் சங்கத்தையும் ‘பீவர்’ என்றே உச்சரிக்க வேண்டும். நாய்கள் வாசனையைத் தவறவிட்டு நிற்கும் நேரம் ‘செக்’. அப்போது வாயைத் திறக்காதீர்கள், ஏனென்றால் நாய்களை இயக்கும் ஹன்ட்ஸ்மன் ஒவ்வொரு சிறு ஒலியையும் செவிமடுத்துக்கொண்டிருப்பார். நாய்கள் குரைப்பதில்லை, ‘பேசுகின்றன’. அவற்றை எண்ணுவதும் ஜோடி ஜோடியாகத்தான்; பதினேழரை ஜோடி என்றால் 35 நாய்கள்.

இனி, நீங்கள் தடுமாறக்கூடிய ஒரே சொல்லுக்கு வருகிறேன். வேட்டை நாய்களை ‘டாக்’ என்று சொல்லாதீர்கள், ‘ஹவுண்ட்’ என்று மட்டுமே சொல்லுங்கள் என்று எல்லோரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது சரிதான். ஆனால் அன்று காலையிலேயே யாராவது ‘இன்று டாக் பேக் வந்திருக்கிறது’ என்று உங்கள் காதுபடச் சொல்வார். நீங்கள் குழம்பிப் போவீர்கள். அங்கே ‘டாக்’ என்பது ஆண் என்பதற்கான சொல். ஆண் நாய் ‘டாக் ஹவுண்ட்’. ஆண் நரி ‘டாக் ஃபாக்ஸ்’, பெண் நரி ‘விக்சன்’. ஆண் நாய்களை மட்டும் கொண்டுவந்த நாளில் அந்தக் கூட்டம் ‘டாக் பேக்’. அதாவது இனத்தைக் குறிக்க அந்தச் சொல் கூடாது, ஆண்பாலைக் குறிக்கலாம். ஒரு பெண் நாயைக் காட்டி ‘நல்ல டாக்’ என்று பாராட்டினால் இரட்டைத் தவறாகிவிடும். நிலச் சொந்தக்காரரின் காலடியில் நிற்கும் வீட்டு நாயை ‘ஹவுண்ட்’ என்று அழைப்பதும் தவறு. அது வெறும் ‘டாக்’தான். ஐயம் வந்தால் ‘ஹவுண்ட்’ என்றே சொல்லுங்கள், பெரும்பாலும் தப்பித்துவிடுவீர்கள். நாயின் வால் ‘ஸ்டெர்ன்’, நரியின் வால் ‘பிரஷ்’ என்பவற்றைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

இந்தச் சொற்களும் ஒழுங்குகளும் வெறும் பகட்டுக்காக வந்தவை அல்ல. 1753 முதல் 1800 வரை லெஸ்டர்ஷயரின் குவார்ன் வேட்டைச் சங்கத்தை நடத்திய ஹியூகோ மேனெல் வேகமாக ஓடும் நாய்களை வளர்த்தெடுத்தார். அவற்றுக்கு ஈடுகொடுத்துப் பாயும் குதிரைகளும், நாய்கள்மீது ஏறிவிடும் அளவுக்கு ஆர்வக் கோளாறு கொண்ட ஆட்களும் அதன் பிறகு பெருகினார்கள். அவர்களைக் கட்டுக்குள் வைக்கவே முந்தாதே, பேசாதே, விதைத்த நிலத்தில் ஏறாமல் வரப்போரமாகப் போ என்ற விதிகள் இறுகின. நம் ஊட்டியின் வென்லாக் புல்வெளிகளில் ஆங்கிலேயர் நடத்திய வேட்டையிலும் இதே ஒழுங்குதான் இருந்தது. அங்கே இங்கிலாந்து நரிக்குப் பதிலாக நம் ஊர் நரியை (ஆங்கிலத்தில் ‘ஜாக்கல்’) துரத்தினார்கள்.

இப்போது அந்தத் தரகரைப் பற்றி. எனக்கு உங்கள் ஆங்கிலத்தைவிட அவரைப் பற்றித்தான் கவலை. சிவப்புக் கோட்டை அவர் தருகிறார் என்பதே அவரை நம்பக் கூடாது என்பதற்கு முதல் அடையாளம். அந்தக் கோட்டு வேட்டைக்குத் தலைமை தாங்கும் மாஸ்டர்களுக்கும், வேட்டைப் பணியாளர்களுக்கும், மாஸ்டரிடமிருந்து வேட்டைப் பொத்தானை, அதாவது அந்த வேட்டையின் சின்னம் பொறித்த கோட்டுப் பொத்தானை, பரிசாகப் பெற்ற உறுப்பினர்களுக்கும் உரியது. காசு கொடுத்து வாங்கிய பொத்தானோடு விருந்தினர் ஒருவர் அதை அணிந்து வந்தால், பெறாத பட்டத்தைப் போட்டுக்கொண்டது போல் ஆகும். பிங்க் என்ற தையற்காரரின் பெயரால்தான் அதற்கு ‘பிங்க் கோட்’ என்று பெயர் வந்தது என்ற கதையையும் சேர்த்து விற்பார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. உங்களுக்குத் தேவை கறுப்பு அல்லது கருநீலக் கோட்டு, வெள்ளைக் கழுத்துத்துணி, அதைக் குத்தும் அலங்காரமற்ற ஊசி ஆகியவையே. ஊசியைக் கிடைவாட்டில் குத்துங்கள். நிமிர்த்திக் குத்தினால், விழும்போது அது தொண்டையிலோ மார்பிலோ ஏறக்கூடும். பழம்பெருமை பேசி அவர் கொடுக்கும் பழைய வெல்வெட் தொப்பியைத் தொடாதீர்கள். தற்காலப் பாதுகாப்புத் தரமுத்திரை உள்ள தலைக்கவசத்தை நீங்களே புதிதாக வாங்குங்கள்.

இரண்டாவது பொறி, பணம். விருந்தினர் அன்றைய நாளுக்குக் கொடுக்கும் தொகைக்குக் ‘கேப்’ என்று பெயர். அதை வேட்டையின் செயலாளரிடம் நேரடியாகக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே அவருக்கு எழுதி அனுமதி கேளுங்கள். அழைத்த நண்பரே உங்களை அறிமுகம் செய்யட்டும். ‘அறிமுகக் கட்டணம்’ என்று ஒன்று இல்லவே இல்லை. ஒருமுறை என்னிடம் பழகிய ஒருவர் இதே போன்ற மொத்தத் தொகையை ஓர் இடைத்தரகரிடம் கட்டிவிட்டுப் போனார். கூடுகையில் செயலாளர் வந்து கேப் கேட்டபோது, அவர் பெயரில் ஒரு காசுகூட வந்து சேரவில்லை என்று தெரிந்தது. எல்லோர் முன்னிலையிலும் இரண்டாவது முறை பணம் எடுத்துக் கொடுத்த அவருடைய முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மூன்றாவதும் ஆபத்தானதுமான பொறி, வாடகைக் குதிரை. வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை. பச்சை நாடா என்றால் அனுபவமில்லாத இளங்குதிரை. நாடா இருந்தால் வாடகைக்குப் போகாது என்பதற்காக அதை அவிழ்த்துவிட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இந்தக் குதிரை நாய்களோடு எத்தனை முறை ஓடியிருக்கிறது, கூட்டத்தில் அசையாமல் நிற்குமா, எப்போதாவது உதைத்திருக்கிறதா? முந்தைய வாரம் ஒரு மணி நேரமாவது அதன்மேல் ஏறிப் பாருங்கள். ஏறவிட மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். குதிரைகளுக்கும் குதிரையேற்றத்துக்குமான அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் கோல்டு உறுப்பினர்களுக்கு அது உறுப்பினர் கட்டணத்திலேயே அடங்கும்.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்தில் நாய்களை விட்டு நரியை வேட்டையாடுவது குற்றம். இப்போது நடப்பது, முன்கூட்டியே தரையில் இட்ட வாசனைச் சுவட்டை நாய்கள் பின்தொடரும் ‘டிரெயில்’ வேட்டை. அந்தப் பெயரின் மறைவில் உண்மையான நரி துரத்தப்படுகிறது என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. பழம்பெரும் இடங்களையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2021இல் தன் நிலங்களில் இதற்கு அனுமதி தருவதை நிறுத்தியது. தொழிலாளர் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் டிரெயில் வேட்டையையே தடைசெய்வதாக வாக்களித்தது. சட்டம் வந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகும், புதிதாக வரும் ஒருவர் தான் போகும் நிகழ்ச்சி சட்டத்துக்கு உட்பட்டதா என்று தானே துருவிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது வெட்கக்கேடு. சட்டம் எழுதியவர்களும் வேட்டையை நடத்துகிறவர்களும் சேர்ந்து அந்தச் சுமையை உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள். எனவே போவதற்கு முன், விதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அன்றைய சுவட்டை யார், எந்த வழியாக இட்டார்கள் என்று செயலாளரிடம் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் போகாதீர்கள். வழியில் உண்மையான நரியைக் கண்டால் ‘டாலி-ஹோ’ என்று கூவிவிடாதீர்கள். பழைய காலத்தில் அது நரியைக் கண்டதற்கான கூவல். இன்று அது உங்களுக்கே எதிரான சாட்சியமாகலாம். அருகிலுள்ள பணியாளரிடம் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள், நாய்களைத் திருப்புவது அவர் பொறுப்பு.

கூடுகைக்குப் போய்ச் சேர்ந்ததும் மாஸ்டரைத் தேடிச் சென்று ‘குட் மார்னிங், மாஸ்டர்’ என்று சொல்லுங்கள். பெண்ணாக இருந்தாலும் மாஸ்டர்தான். களைத்துப்போனால் பாதியில் கிளம்புவதில் தவறில்லை. ஆனால் சொல்லாமல் நழுவக் கூடாது, நீங்கள் எங்கோ விழுந்து கிடப்பதாக எண்ணித் தேடுவார்கள். விடைபெறும்போது மணி பகல் ஒன்றாக இருந்தாலும் ‘குட் நைட், மாஸ்டர்’ என்பதுதான் வழக்கம். பிறகு, நாய்கள் இன்னும் போகாத நிலத்தைக் குறுக்கே கடக்காமல், சாலை வழியாகக் குதிரையை நடத்திக்கொண்டு திரும்புங்கள்.