குடும்ப ஜெபத்துல பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான்

கேள்வி: எங்க வீட்ல தினமும் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. பையனுக்கு 19 வயசு, நீ ஜெபம் பண்ணுடான்னா "அப்பாவே பண்ணட்டும்"னு நழுவிடுறான். நாளைக்கு கல்யாணம் ஆகி இவன் எப்படி ஒரு குடும்பத்த ஆவிக்குரிய விதத்துல நடத்துவான்?
- ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: சிஸ்டர், கேக்குறேன்னு தப்பா எடுக்காதீங்க, உங்க வீட்டுக்காரர் எவ்ளோ நேரம் ஜெபிப்பார்? முக்கா மணி நேரம் சரளமா ஜெபிக்கிற அப்பாவுக்கு அப்புறம் எந்தப் பையனுக்கும் வாய் வராது (பாதி வீட்ல சின்னதுங்க முழங்கால்லயே தூங்கிடும், அது வேற கதை). பைபிள்ல சங்கீதம் 117 ரெண்டே வசனம்தான், சனிக்கிழமை ராத்திரி அத வாசிச்சு அவனுக்கு தெரிஞ்ச மாதிரி ரெண்டு வரி ஜெபிச்சு முடிக்கட்டும், நடுவுல யாரும் திருத்தக் கூடாது, முடிஞ்சதும் அப்பா "நானும் ஒரு வார்த்த சொல்றேன்"னு ஆரம்பிக்கவே கூடாது. உபாகமம் 6:7 வீட்ல உக்காரும்போது, வழியில நடக்கும்போது தேவனோட வார்த்தைய பிள்ளைங்ககிட்ட பேசுங்கன்னுதான் சொல்லுது, அதனால பைக்ல போறப்போ, கரண்ட் பில் கட்டுறப்போ, இந்த மாசம் காணிக்கைக்கு எவ்ளோ எடுத்து வைக்கிறோம், ஏன்னு அவன்கிட்ட சொல்லுங்க. அப்பா கோவத்துல கத்திட்டு அப்புறம் அம்மாகிட்ட சாரி கேக்குறத அவன் பார்த்தா, என்னைக் கேட்டா அது பத்து பிரசங்கத்துக்கு சமம்.

பொண்ணு இருந்தா அவளுக்கும் ஒரு நாள் குடுங்க. பவுலோட இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவோட அப்பா கிரேக்கர், ஆனா அவரோட விசுவாசம் முதல்ல யார்கிட்ட இருந்ததுன்னு 2 தீமோத்தேயு 1:5ல பவுல் பேர் சொல்றது பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும்தான்.