முன்னாலிருந்து எடுப்பது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அலுவலகத்தில் இரவில் ஓடும், பெர்ல் மொழியில் எழுதிய பழைய ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. அன்றைய பதிவுகளை ஓர் அரேயில், அதாவது வரிசையான பட்டியலில் ஏற்றி, முதல் உறுப்பை எடுக்கும் ஷிஃப்ட் போட்டு ஐநூறு ஐநூறாக எடுத்துச் சர்வருக்கு அனுப்பும். அனுப்ப முடியாத தொகுப்பை அதற்கு எதிரான அன்ஷிஃப்ட் மூலம் மறுபடி முன்னால் வைத்துவிடும். இதைப் பைத்தானில் மாற்றி எழுதும் வேலை எனக்கு வந்தது. ஷிஃப்ட் இருந்த இடத்தில், உறுப்பை எடுக்கும் பாப் போட்டு, முதல் இடத்தைக் குறிக்க அடைப்புக்குள் 0 கொடுத்தேன். திருப்பி வைக்க, ஒவ்வொரு வரியாக 0-ஆம் இடத்தில் இன்சர்ட் செய்தேன்.

ஆயிரம் வரிகளில் சோதித்தபோது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. நிஜக் கோப்பில் மூன்று லட்சம் வரிகள். அதில் ஊர்ந்துபோகிறது. திருப்பி வைத்த தொகுப்பின் வரிசையும் தலைகீழாகிவிடுகிறது. "அரேயின் முன்பக்கத்தைத் தொடவே கூடாது" என்கிறார் என் சீனியர். அப்படியானால் பெர்லில் மட்டும் இத்தனை வருடமாக எப்படி ஓடியது?

அன்புடன்,
வே.

அன்புள்ள வே,

உங்கள் கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் சீனியர் சொல்வதை எங்கே ஏற்பது, எங்கே விடுவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

மருத்துவர் வீட்டு வாசலில் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் நாற்காலியில் இருப்பவர் உள்ளே போனதும் மற்ற எல்லாரும் எழுந்து ஒரு நாற்காலி முன்னால் வந்து உட்கார்கிறார்கள். பைத்தானில் அரேக்குப் பதிலாக இருக்கும் லிஸ்டில் நடப்பது இதுதான். கடைசி ஆள் எழுந்துபோனால் யாரும் அசைய வேண்டியதில்லை, அதனால்தான் பின்பக்கப் பாப் அவ்வளவு வேகம். பெர்ல் என்ன செய்கிறதென்றால், ஆட்களை அப்படியே விட்டுவிட்டு 'ஒன்று' என்ற அட்டையை அடுத்த நாற்காலிக்கு மாற்றிவிடுகிறது.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பெர்ல் அரேக்கு உள்ளே இரண்டு சுட்டிகள் இருக்கின்றன. ஒதுக்கிய நினைவிடம் எங்கே தொடங்குகிறது என்பதை ஒன்று காட்டும், முதல் உறுப்பு இப்போது எங்கே இருக்கிறது என்பதை இன்னொன்று காட்டும். ஷிஃப்ட் இரண்டாவது சுட்டியை ஒரு படி தள்ளுவதோடு சரி. முன்னால் காலியான இடம் அப்படியே கிடக்கும். ஐநூறு வரிகளை எடுத்துவிட்டு அதே ஐநூறை அன்ஷிஃப்ட் செய்தால் அந்தக் காலி இடத்திலேயே போய் உட்கார்ந்துவிடும். மீதி வரிகள் எதுவும் நகராது. உங்கள் பழைய ஸ்கிரிப்டை எழுதியவர் இதைத் தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, அவருடைய வேலைக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது.

இப்போது உங்கள் பைத்தான். மூன்று லட்சம் வரிகள் உள்ள லிஸ்டில் முதல் பாப் நடந்ததும், மீதி வரிகளைக் காட்டும் 2,99,999 சுட்டிகள் ஓர் இடம் நகர வேண்டும். அடுத்ததற்கு ஒன்று குறைவு, அதற்கடுத்ததற்கு இன்னும் ஒன்று குறைவு. லிஸ்ட் காலியாகும்போது மொத்தம் ஏறக்குறைய 4,500 கோடி நகர்த்தல்கள். ஆயிரம் வரிச் சோதனையில் இந்தக் கணக்கு 5 லட்சத்தைக்கூட எட்டாது. வரிகள் 300 மடங்கு கூடியபோது வேலை 90,000 மடங்கு கூடிவிட்டது. சோதனையில் பிசகு எதுவும் தெரியாததற்குக் காரணம் அதுதான். இந்த மாதிரி இடங்களில் 50,000 வரிக்கும் ஒரு லட்சம் வரிக்கும் தனித்தனியாக நேரம் பாருங்கள். வரிகள் இரண்டு மடங்காகும்போது நேரம் நான்கு மடங்கானால், எங்கோ மொத்த லிஸ்டும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சீனியர் சொன்ன விதியை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். பெர்ல் ஃபங்ஷன்களின் முதல் வரியில் வெறும் ஷிஃப்ட் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபங்ஷனுக்கு வந்த மதிப்புகளில் முதலாவதை எடுப்பதற்காக அது. யூனிக்ஸ் ஷெல்லிலும் ஷிஃப்ட் உண்டு, அங்கே இரண்டாவதாகக் கொடுத்த மதிப்பு முதலாவதாக ஏறி வரும். மூன்று நான்கு மதிப்புகள் உள்ள இடத்தில் எந்த மொழியாக இருந்தாலும் முன்னாலிருந்து தாராளமாக எடுக்கலாம். அங்கே வேகத்துக்காகக் கோடைச் சுற்றி வளைத்து எழுதினால் படிப்பவருக்குத்தான் கஷ்டம்.

சரி, உங்கள் ஸ்கிரிப்டுக்கு வருவோம். வரிகளை லிஸ்டிலிருந்து எடுக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை என்பது என் கருத்து. பெர்ல் உள்ளுக்குள் செய்வதை நீங்கள் வெளியே ஓர் எண்ணை வைத்துச் செய்துவிடலாம். தொடக்கம் என்று ஒரு மாறி, அதன் மதிப்பு 0. அந்த இடத்திலிருந்து ஐநூறு வரிகளை ஸ்லைஸ் செய்து, அதாவது லிஸ்டைத் தொடாமல் அந்தத் துண்டை மட்டும் நகலெடுத்து அனுப்புங்கள். போய்ச் சேர்ந்தால் தொடக்கத்தோடு 500 கூட்டுங்கள், சேராவிட்டால் கூட்டாதீர்கள். அவ்வளவுதான். திருப்பி வைக்கும் வேலையே இல்லாததால் வரிசை தலைகீழாவதற்கும் வழியில்லை. ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுபோனாலும் எதுவரை அனுப்பினோம் என்பதை அந்த ஓர் எண் சொல்லும். அதை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் மறுபடி ஓட்டும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எடுத்தெடுத்து லிஸ்டைக் காலி செய்யும் முறையில் இந்த வசதி கிடைக்காது.

ஒருபக்கம் வரிகள் வந்து சேர்ந்துகொண்டும் மறுபக்கம் போய்க்கொண்டும் இருக்கிற ஸ்கிரிப்டாக இருந்தால் கதை வேறு. அதற்குக் கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் டெக் என்ற, இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் ஏற்ற பட்டியல் இருக்கிறது, பைத்தான் 2.4 வந்த 2004-லிருந்தே. இரண்டு முனையிலும் ஒரே வேகம். நடுவிலிருந்து ஓர் உறுப்பை எண் சொல்லி எடுப்பதில் மட்டும் லிஸ்ட் அளவுக்கு வராது. லிஸ்டின் முன்பக்கம் மெதுவானது, டெக்கைப் பயன்படுத்துங்கள் என்று பைத்தானின் அதிகாரப்பூர்வப் பயிற்சி ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. லிஸ்டைப் பற்றிய அத்தியாயத்தைப் பாதியில் மூடிவிடுகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை.

டெக்குக்குப் போனாலும் வரிசைப் பிரச்சினை கூடவே வரும். பெர்லின் அன்ஷிஃப்டுக்கு க, ங, ச என்று மூன்றையும் ஒரே தடவையில் கொடுத்தால் க, ங, ச என்றே முன்னால் நிற்கும். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ச, ங, க. நீங்கள் இன்சர்டில் செய்தது இந்த இரண்டாவது. டெக்கில் இருக்கும் எக்ஸ்டெண்ட்லெஃப்ட், பெயரைப் பார்த்தால் மொத்தமாக ஒட்டவைக்கும் என்று தோன்றும், ஆனால் அதுவும் ஒவ்வொன்றாகத்தான் வைக்கிறது. தொகுப்பைப் பைத்தானின் ரிவர்ஸ்ட் ஃபங்ஷன் கொண்டு தலைகீழாகத் திருப்பிவிட்டுக் கொடுத்தால் சரியாக வரும்.

பிஎச்பி மொழிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே முதல் உறுப்பை எடுக்கும் அரே_ஷிஃப்ட், ஒவ்வொரு உறுப்புக்கும் அடையாளமான கீகளில் எண்களாக இருப்பவற்றை மறுபடி 0-விலிருந்து வரிசைப்படுத்திவிடும். 101, 102, 103 என்று வாடிக்கையாளர் எண்ணையே கீயாக வைத்திருந்தால், ஒரு தடவை ஷிஃப்ட் செய்ததும் மிஞ்சுகிறவர்கள் 0, 1 ஆகிவிடுவார்கள். எர்ரர் எதுவும் வராது. மெதுவாக ஓடுவதைவிட இது எவ்வளவோ ஆபத்து.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. தோற்ற தொகுப்பை முன்னாலேயே வைப்பது என்ற முடிவை ஒருமுறை யோசியுங்கள். இணைப்பு அறுந்ததால் தோற்றிருந்தால் முன்னால் வைப்பதுதான் நியாயம், சிறிது நேரம் கழித்து அதே தொகுப்பு போய்விடும். ஆனால் அந்த ஐநூறில் ஒரு வரி கெட்டுப்போய், அதனால் சர்வர் மறுத்திருந்தால்? எத்தனை தடவை அனுப்பினாலும் மறுக்கும். அந்தத் தொகுப்பு முன்னாலேயே நிற்க, பின்னால் இருக்கும் இரண்டரை லட்சம் நல்ல வரிகளும் விடியும்வரை நகராது. நான் சொன்ன தொடக்க எண் முறையிலும் இது அப்படியே நடக்கும். ஆகவே இணைப்புக் கோளாறையும் மறுப்பையும் கோடில் பிரித்துவிடுங்கள். மறுக்கப்பட்ட தொகுப்பை ஒவ்வொரு வரியாக அனுப்பிப் பார்த்து, மறுக்கப்படும் வரியைத் தனிக் கோப்பில் எழுதிவிட்டு மேலே போகட்டும். காலையில் யாராவது அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அது யார் என்பதை இப்போதே சீனியரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்